சின்னவளின் மருந்து

ஒரே வீட்டில் ஓரகத்தியாக வந்தது போதாதென்று, நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தாள் சின்னவள். அவள் வெந்நீர் வைத்தாலும் மணக்கிறது என்பார் மாமியார். இங்கே மேனேஜருக்கும் அதே மூக்கு.

ஒரு காகித ஆலையில் கூழ்த்தொட்டி நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அடக்க ஆளுக்கொரு சிலிகோன் மருந்து தயாரித்தோம். எது ஜெயிக்கிறதோ அது ஆலைக்குப் போகும். செய்தவள்தான் அங்கே பொறுப்பாளர். இந்தக் கூடத்தில் மூத்தவள் நான். என் மருந்து மாதம் முழுக்க ஒரு சோதனையிலும் தவறியதில்லை.

கடைசிச் சோதனையன்று சின்னவள் ஆலைத் தண்ணீரைக் கண்ணாடிச் சிலிண்டரில் ஊற்றி, அதில் தன் மருந்தை ஒரு சொட்டு விட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினாள். நுரை தலைகாட்டவே இல்லை. மேனேஜர் வாயெல்லாம் பல். எனக்கு வயிறு எரிந்தது.

"சார், அந்தச் சிலிண்டர் சுத்தமில்ல," என்றேன். "நேத்து அதுலதான் என் மருந்தைப் போட்டேன். சிலிகோன் கண்ணாடியில ஒட்டிக்கிட்டா லேசுல போகாது. இப்ப வேலை செய்யறது என் மருந்து. புதுசுல செஞ்சு காட்டச் சொல்லுங்க."

சின்னவள் முகம் வாடியது. பார்க்க எவ்வளவு இனித்தது!

மேனேஜர் இரண்டு புதுச் சிலிண்டர்களை எடுத்து வைத்தார். "நியாயம்னா ரெண்டு பேருக்கும் நியாயம்தாம்மா. உங்களுதையும் பாத்துடுவோம்."

அவளுடையதில் அப்போதும் நுரை எழவில்லை. என்னுடையதில் விறுவிறுவென்று ஏறி, மேசையில் வழிந்து, தரையில் சொட்டியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய சிலிண்டரில் தினமும் முதலில் சோதிப்பவள் அவள், பிறகுதான் நான். மாதம் முழுக்க என் வெற்றி என்று நான் மார்தட்டியது அவள் மருந்தின் மிச்சம்.

"அப்ப இத்தனை நாள் வந்த ரிசல்ட்டெல்லாம் என்னம்மா?" மேனேஜரின் குரல் மாறிவிட்டது.

"சிலிண்டர் கழுவறது என் முறை சார்," என்று குறுக்கே வந்தாள் சின்னவள். "நான்தான் சரியா கழுவல. அக்கா மேல தப்பில்ல."

பச்சைப் பொய். கழுவும் முறை என்னுடையது. அது அவளுக்கும் தெரியும்.

"பாத்து வாங்கக்கா, வழுக்கும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலைக்கு அவளே போகட்டும், அதைக்கூட விழுங்கிவிடுவேன். என்னைக் காப்பாற்றவும் இவள்தானா வரவேண்டும்?