வராதவனுக்கு வைத்த மேசை

நவம்பர் பிறந்தால் கஸ்பருக்கு லண்டனின் நோர்பரிப் பக்கமிருந்து ஒரு போன் வரும். தம்பி ஜெராட்டின் மனுசி நிர்மலா. சுகம் கேட்பாள், குளிரைத் திட்டுவாள், பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்பாள்.

"அத்தான், இந்தமுறை பேரைக் குடுக்கட்டே?"

மரித்த ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கிற பூசையில் சுவாமியார் பெயர்களை வாசிப்பார். அதில் ஜெராட்டின் பெயரையும் சேர்க்கலாமா என்றுதான் கேள்வி. ஜெராட் ஊரில் நடந்த கடைசிச் சண்டைக்குள் காணாமல் போனவன். செத்ததைக் கண்டவரும் இல்லை, பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவரும் இல்லை. பூசையில் பெயர் வாசித்தால் அவன் செத்தவன்தான். அதற்குப் பிறகு அவனைத் தேட ஒருவரும் இருக்கமாட்டார்கள். குடும்பத்தில் மூத்தவர் கஸ்பர் ஓம் சொல்லாமல் நிர்மலா அந்த வேலை பார்க்கமாட்டாள்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் ஆத்துமாப் பூசை குடுக்கிறதே?"

"சரி அத்தான்," என்று வைத்துவிடுவாள்.

இந்தச் சனிக்கிழமை, வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் போன் வந்தது. அதே கேள்வி, அதே மறுமொழி. ஆனால் இந்தமுறை அவள் உடனே வைக்கவில்லை. "எனக்கும் வயசு போகுது அத்தான். நாளைக்குப் பூசை. பொழுதுபடுறதுக்கிடையில யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றாள்.

"யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் கஸ்பர். பஸ்ஸில் இருந்த சனம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொல்லிவிட்டார்.

கஸ்பருக்கு வேலை ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஒரு அமெரிக்க மியூசியத்தில். பெரிய பழைய வீடு அது. உள்ளே அமெரிக்கச் சனத்தின் கட்டில், கதிரை, ஒட்டுத்துணிப் போர்வை, சோளம் அரைக்கிற கல் என்று நிறைய இருக்கும். சனிக்கிழமைகளில் காலையில் பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்களுக்கு ஏதாவது விளையாட்டு, பின்னேரம் பெரியவர்களுக்கு ஒரு பேச்சு. பேசுகிறவர் வந்து பேசிவிட்டுப் போவார். மேசை தூக்குவதும் கதிரை அடுக்குவதும் கூட்டித் துடைப்பதும் கஸ்பரின் பாடு. அன்று காலை பிள்ளைகள் பூசணிக்காய் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி விளையாடியிருந்தார்கள். நிலமெல்லாம் விதை. முழங்காலில் நின்று அள்ளி முடிக்க இடுப்பு விட்டுப்போயிற்று.

பொறுப்பாக இருக்கிற ஹெலன் வந்து பின்னேரப் பேச்சுக்கு ஒரு சின்ன வட்ட மேசை வேண்டும் என்றாள். தானே வெள்ளைத்துணி விரித்து, ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சாறு வழிய வெட்டின தேசிக்காய்த் துண்டும் கொஞ்சம் உப்பும் வைத்தாள். ஒரு மெழுகுதிரி. ஒரு கண்ணாடிக் கிளாஸ், அதைக் கவிழ்த்து வைத்தாள். ஒரேயொரு கதிரை, வெறுங்கதிரை.

"ஆருக்கு?" என்று கஸ்பர் தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார்.

"சண்டைக்குப் போய் வீட்டுக்கு வராத ஒருவருக்கு. அமெரிக்காவில் இப்படி வைப்பது வழக்கம்," என்று சொல்லிவிட்டு ஹெலன் போய்விட்டாள்.

கஸ்பர் அந்தக் கதிரையை மேசைக்கு நேராகத் தள்ளி வைத்தார்.

கிச்சினில் நிற்கிற கணேசலிங்கம் தேத்தண்ணியோடு வந்தான். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். வாய் சும்மா இராது.

"என்ன அண்ணை, வெள்ளைக்காரி பேய்க்குக் கழிப்புக் கழிக்கப் போறாளே? தேசிக்காய், உப்பு... இனி ஒரு கறுத்தச் சேவல்தான் குறை."

"பகிடி விடாதை. சண்டைக்குப் போய் வராதவனுக்காம்."

"வராதவனுக்கோ? அப்ப இதென்ன விசர் வேலை! பேயைக் கலைக்கிற சாமானெல்லோ இது. வெட்டின தேசிக்காயைக் கண்டா வாறவனும் படலையடியில திரும்பியிடுவான்." சிரித்துக்கொண்டு உள்ளே போனான்.

கஸ்பருக்குச் சிரிப்பு வரவில்லை. பூசைக்குப் போகிற வேதக்காரர்தான், கழிப்பு கிழிப்பு என்று போகிறவர் அல்ல. ஆனாலும் அந்தத் தேசிக்காய் அவருடைய கண்ணைக் குத்தியது. எத்தனை வருசம் வழி தெரியாமல் அலைந்து ஒருவன் வந்து சேர, அவனுடைய கோப்பையில் இதையா வைப்பது? கிளாஸையும் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வந்தவன் நாவறண்டு நிற்பானே.

சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. தேசிக்காயையும் உப்பையும் கடதாசியில் சுருட்டிக் குப்பைக்குள் போட்டார். கிளாஸை நிமிர்த்தி, விளிம்பு மட்டும் தண்ணீர் வார்த்தார். கை தன்பாட்டில் செய்தது. பிறகு மிச்சக் கதிரைகளை எடுக்கக் கீழறைக்கு இறங்கினார்.

திரும்பி வந்தபோது கிளாஸில் தண்ணீர் அரைவாசிதான் இருந்தது.

கதிரையும் வைத்தபடி இல்லை. மேசைக்குப் பக்கவாட்டாக, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஜெராட் அப்படித்தான் இருந்து சாப்பிடுவான். ஷெல் அடிக்கிற காலத்தில் பழகின பழக்கம். ஒரு கை கோப்பையில், ஒரு கால் வாசல் பக்கம், எழும்பி ஓட வசதியாக.

"கணேசு! நீ இஞ்சை வந்தனியே?"

"இல்லை அண்ணை. நான் கிச்சினை விட்டு அரக்கேல்லை. ஏன், என்ன களவு போச்சு?"

"ஒண்டுமில்லை," என்றார் கஸ்பர். கதிரையைத் தொட அவருக்குக் கை வரவில்லை. நல்ல வெளிச்சத்தில், சனம் வந்துகொண்டிருக்கிற நேரத்தில், அதைச் சுற்றிப்போய் மற்றக் கதிரைகளை அடுக்கினார்.

பேச வந்தவள் டொரத்தி என்ற அமெரிக்கக் கிழவி. புருசன் போர் விமானம் ஓட்டினவராம். சண்டைக்குப் பறந்துபோனபின் விமானமும் இல்லை, ஆளும் இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தவள் மேசையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?"

ஹெலனின் முகம் சிவந்தது. கஸ்பர் கையை உயர்த்தினார். வேலை போனது என்றுதான் நினைத்தார்.

கிழவி ஏசவில்லை. மெல்லச் சொன்னாள். "தேசிக்காய் அவருடைய கசப்பான விதிக்கு. உப்பு எங்களுடைய கண்ணீருக்கு. அவர் எங்களோடு சேர்ந்து குடிக்க முடியாது, அதனால் கிளாஸ் கவிழ்ந்திருக்கும். அதை நிமிர்த்த இத்தனை வருசமாக எனக்குத் துணிவு வரவில்லை."

ஹெலன் கிளாஸை எடுக்கப் போனாள். "வேண்டாம், இருக்கட்டும்," என்றாள் கிழவி. பேசி முடியுமட்டும் அந்த மேசைப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

சனம் கலைந்தபின் கஸ்பரிடம் வந்தாள். "உங்களுக்கும் ஒருவர் இருக்கிறார், இல்லையா?"

"தம்பி."

"எப்போது இறந்தார்?"

இந்தக் கேள்விக்குக் கஸ்பரிடம் எப்போதும் ஒரு மறுமொழி தயாராக இருக்கும். சாகேல்லை, காணேல்லை. வாய் திறந்தவர் அந்தக் கிளாஸைப் பார்த்தார். உயிரோடு இருக்கிறவன் வந்தால், என்ன குடிக்கிறாய் என்று கேட்டுத்தான் கொடுப்பது. கேளாமல், ஆளில்லாத கதிரைக்கு முன்னால் தண்ணீர் வைப்பது செத்தவனுக்கு. அதை அவருடைய கையே செய்துவிட்டது.

பொழுதுபட முன்னம் நோர்பரிக்குப் போனார். நிர்மலா கதவைத் திறந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே நின்று சொன்னார்.

"குடு பிள்ளை."

"என்னத்தை அத்தான்?"

"பேரை."

அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்து வந்தவருக்கு, அவள் சுவரைப் பிடித்ததைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

"நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டுதானே கேக்கிறனான்," என்றாள். "அந்த மாட்டனை வைச்சுக்கொண்டுதானே நான் ஒவ்வொரு வருசமும் தள்ளினனான். இப்ப ஏன் அத்தான் இப்பிடிச் சொல்லுறியள்?"

ஒரு சொல்லில் திருப்பி எடுத்துவிடலாம். பகிடிக்குச் சொன்னனான் என்றால் போதும். கஸ்பரின் நாக்குநுனிவரை அது வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அவன் இண்டைக்கு வந்தவன் பிள்ளை." நடந்ததைச் சொன்னார்.

அவள் அழாமல் கேட்டாள். "கதிரை எந்தப் பக்கம் பாத்தது?"

"வாசல் பக்கம்."

"தண்ணி முழுக்கக் குடிச்சவரே?"

"அரைவாசி."

நிர்மலா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினாள். "எப்பவும் அப்பிடித்தான். மிச்சம் எனக்கு எண்டு வைப்பார்." பிறகு போனை எடுத்துச் சுவாமியாரின் நம்பரை அழுத்தினாள். பெயரைச் சொல்ல வாய் வராமல் அத்தானிடம் நீட்டினாள். கஸ்பர்தான் சொன்னார்.

ஞாயிறு பூசையில் சேர்ச் நிறைந்திருந்தது. இவர்கள் இருந்த நீள மர வாங்கில் மட்டும் கரையில் இடம் கிடந்தது. சுவாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்துவந்தார். "ஜெராட்" என்றதும் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. கூப்பிட்டவுடன் மறுமொழி சொல்ல முன்னம் தொண்டையைச் சரிபண்ணுவது மாதிரி. கஸ்பரின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

நிர்மலா அவருடைய கையைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"திரும்பாதேங்கோ அத்தான். பாத்தா எழும்பிப் போயிடுவார். பூசை முடியட்டும்."

கஸ்பர் திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே, வாங்கில் இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி, கரையில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு இருந்தார்.