இரண்டு மடிப்பு

அடுத்த ஷிஃப்டுக்கான ரிலீவர் வந்து நின்றால்தான் அட்டைப்பெட்டிக் கம்பெனி லைனில் இருப்பவர் இறங்கலாம். வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் அவருக்கே. அதற்குப் பெயர் டபுள். இரண்டு மணிக்கு வரவேண்டிய மாதேஸ்வரி அன்று வரவில்லை.

"டபுள் பாத்துடும்மா," என்றார் சூப்பர்வைசர் மோகன்குமார்.

ருக்ஸார் தலையசைத்தாள். கட்டாக அடுக்கியிருந்த அட்டைத் தாள்களில் ஒன்றை எடுத்து, கோட்டில் மடித்து, பெட்டியாக்கித் தள்ளினாள்.

நான்கு மணிக்கு அவள் கணவன் சாஜித் மத்திகிரி வீட்டிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறான். ஷார்ஜாவில் வேலை. இனி இரண்டு வருடம் கழித்துத்தான் பார்க்க முடியும். ஷிஃப்ட் முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் ஷிஃப்டுக்கு வந்து பக்கத்தில் நின்ற ரூபா, பக்கத்து வீட்டுப் பெண்.

"வரும்போது பாத்தேன்க்கா. அண்ணன் சூட்கேசுக்குக் கயிறு கட்டிட்டிருந்தாரு. சார்கிட்ட சொல்லு, வுட்டுடுவாரு."

"சொன்னா எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க."

ரூபா இரண்டு பெட்டிகளை மடித்துத் தள்ளினாள். அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"டபுளுங்கற வார்த்த எங்கிருந்து வந்துச்சு தெரியுமாக்கா? போன்ல பாத்தேன். லத்தீனாம். ஒரு பாதி ரெண்டு, இன்னொரு பாதி மடிப்பு. ரெண்டு மடிப்பு."

"அந்தக் காலத்துலயே அட்டப்பொட்டி கம்பெனி இருந்துச்சா?"

"லொள்ளப் பாரு! நாமளும் ரெண்டு மடங்குன்னுதான சொல்றோம்? மடங்கறதுதான அதுவும்?"

"ம்."

எதை மடித்தாலும் நீளம் பாதியாகத்தான் ஆகிறது. ருக்ஸார் அடுத்த தாளை மடித்தாள். விரல்கள் தாமாகவே வேலை செய்தன. அவை வேறு யாருடைய விரல்களோபோல் இருந்தன.

மூன்றரைக்கு மாதேஸ்வரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தளி பஸ்ஸே வர்லக்கா. ஒரு தக்காளி வண்டியில தொத்திக்கிட்டு வந்தேன். திட்டாத. நீ கெளம்பு."

"கெளம்புக்கா!" ரூபா ருக்ஸாரின் தோளைத் தள்ளினாள். "ஆட்டோவுல போனா கால் மணி நேரம். அண்ணன் வாசல்லயேதான் நிப்பாரு."

வாசலில் நிற்கும் சாஜித்தை ருக்ஸார் நினைத்துப் பார்த்தாள். போய் இறங்கினால் அவன் சிரிப்பான். ஏதாவது சொல்வான். அவளும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். பிறகு கார் கதவைச் சாத்துவார்கள்.

"இந்தக் கட்ட முடிச்சிட்டுப் போறேன்," என்றாள்.

"கட்டு கெடக்குது, நான் பாத்துக்கறேன். நகரு," என்றாள் மாதேஸ்வரி.

ருக்ஸார் நகரவில்லை. அடுத்த தாளை எடுத்தாள். தாள்கட்டு இன்னும் பாதிக்கு மேல் இருந்தது; முடிப்பதற்குள் நான்கு மணி தாண்டிவிடும். மாதேஸ்வரி கையுறையை மாட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பின்னாலேயே நின்றாள்.