வாசலில் கழற்றிய பூட்ஸ்

எங்கள் ஊர் ஆற்றில் வெட்டிய பனிக்கட்டியை வைத்துத்தான் வருஷாவருஷம் குளிர்காலத்தில் ஒரு ஹோட்டலைக் கட்டுகிறார்கள்; கோடையில் அது உருகிவிடும். எங்கெங்கிருந்தோ வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நாங்கள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இந்தக் கல்யாண நாளுக்கு அங்கேதான் என்று நான் முடிவு கட்டினேன்.

"குளிர்ல படுக்கக் காசு வேறயா? நம்ம விறகுக் கொட்டகையில படு, ராக்ன்ஹில்ட். சும்மாவே விறைக்கலாம்," என்றான் என் கணவன் டைக்கோ.

"கொட்டகையில மைனஸ் முப்பது. அங்க வெறும் மைனஸ் அஞ்சு. உன்னைக் குளிர் காயத்தான் கூப்பிடறேன், கஞ்சப்பயலே!"

அறையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு என்று முறுக்கிக்கொண்டு கூடவே வந்தான்.

ஹோட்டல் பெண் அறை வாசலில் தொங்கிய கலைமான் தோலை விலக்கினாள். கட்டில், சுவர், தூண் எல்லாம் நீலமாக மின்னின. வாயைப் பிளந்தபடி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், டைக்கோ கம்பளிக் காலுறையோடு பனிக்கட்டித் தரையில் கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டிருக்கிறான். பூட்ஸ் வாசலில்!

"அட மடையா, தரை முழுக்கப் பனிக்கட்டி!"

"படுக்கிற ரூமுக்குள்ள பூட்ஸோட வருவாங்களா? முதல்ல உன் காலைப் பாரு."

பார்த்தேன். என் பூட்ஸும் வாசலில்தான், அவனுடையதற்குப் பக்கத்தில்.

அந்தப் பெண் சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்ஸைக் கழட்டியாச்சு. பூட்ஸைக் கழட்டின வீட்டுல காபி குடிக்காம கிளம்பினா நம்ம ஊர்ல மரியாதையா இருக்காது," என்றான் டைக்கோ அவளிடம். "ரூமை எங்க பேருக்கே போடும்மா."