பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஸ்லாதா

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவை இரண்டு காலணிப் பெட்டிகள். போர் நடக்கும் ஹார்கிவ் நகரில், சுரங்க ரயில் நிலையத்துக்குள் குழந்தைகளுக்கென ஒதுக்கிய அறையில், நான் பொம்மைகளைத் துடைத்து அடுக்குகிறவன். ஏழு வயது ஸ்லாதா பெரிய பெட்டியில் ஒரு கதவும் ஜன்னலும் வெட்டினாள். அதற்குள் சின்னப் பெட்டியை வைத்தாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது: வீடு! உள்ளே இருப்பது நடைக்கூடம். குண்டு விழும்போது வெளியுலகுக்கும் நமக்கும் நடுவே இரண்டு சுவர்கள் வேண்டும். முதல் சுவர் அடியைத் தாங்கும். இரண்டாவது, சிதறி வருவதைத் தாங்கும். ஜன்னல் பக்கம் போகவே கூடாது. இங்கே குழந்தைகள் எழுத்துக்கு முன்பே இதைப் படித்துவிடுகிறார்கள்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "சைரன் அலறியபோது ஸ்லாதாவின் பிஞ்சு நெஞ்சம்..."

வேண்டாம். நெஞ்சத்தை நான் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். அவை ஒரு சிறுமி பொம்மையைச் சின்னப் பெட்டிக்குள் வைக்கும். அப்பா பொம்மையைத் தூரத்தில், நாற்காலிக்கு அடியில் போடும். குண்டு விழுந்ததுபோலப் பெட்டியை உலுக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

(நடந்ததும் அதுதான். அப்பா ஒரெஸ்த் ரொட்டி வாங்கப் போனபோது பக்கத்துக் கட்டடத்தில் ஏவுகணை விழுந்தது. அவன் ஓடி வரும்வரை அவள் நடைக்கூடத்தில் தனியாக இருந்தாள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை.)

3

ஒரெஸ்த்தை முரடனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவன் பயந்திருந்தான், அவ்வளவுதான்.

"இந்த விளையாட்ட நிறுத்தச் சொல்லுங்க, ஹலீனா ஒஸ்தாபிவ்னா," என்றான் உளவியலாளரிடம். "தினமும் என்னைத் தூக்கி நாற்காலிக்கடியில போடுறா. நாளைக்கு நான் கூட்டிட்டு வரப் போறதில்ல."

"போடட்டுமே. தரை சுத்தமாத்தான இருக்கு? நீங்களும் போய் உக்காருங்க. அவ சொல்றத மட்டும் செய்யுங்க."

* எனக்குப் பிடித்த இடம் இது! உண்மையில் நடந்தபோது அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. விளையாட்டில் உலுக்குவது அவள் கை. உலுக்கும் கையால் நிறுத்தவும் முடியும். ஆனால் ஒரே ஆட்டம் மாறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பயம் ஆழமாகப் பதிந்துவிடும். எங்காவது ஒரு சின்ன மாற்றம் வேண்டும், பொய் கலக்காத மாற்றம்.

4

நான் எழுதிய மாற்றம்: சுவர்களைத் தூக்கி எறிகிறோம், வெயில் அடிக்கிறது, ஸ்லாதா...

ஹலீனா படித்துவிட்டுச் சிரித்தார். "படியேறி மேல போய் ஊரப் பாத்துட்டு எழுதுங்க. சுவர எடுத்துட்டா இன்னிக்கி ராத்திரி அவ எங்க தூங்குவா?"

எழுதியதை அடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். ஒரெஸ்த் தரையில் உட்கார்ந்தான். நாற்காலிக்கு அடியிலிருந்து அப்பா பொம்மையை எடுத்தான். அவசரத்தில் அதை நேராக ஜன்னலுக்குள் நுழைத்தான்.

"ஜன்னல் வழியாவா!" என்று கத்தினாள் ஸ்லாதா. "அறிவிருக்கா உனக்கு? கண்ணாடி பூரா மேல கொட்டும்!"

"ஓடி வந்தேன் கண்ணு, அவசரத்துல..."

"வெளிய போ! கதவு வழியா வா. கிழட்டு ஆடு!"

ஹலீனா என் கையைக் கிள்ளினார். அப்பாவோடு பேசிவிட்டாள்! அதைவிட, இதுவரை அந்த ஆட்டத்தில் வெளியே இருந்து ஒருவரும் உள்ளே வந்ததில்லை!

பொம்மை பெரிய பெட்டியின் கதவு வழியாக வந்தது. சின்னப் பெட்டியில் கதவே இல்லை. ஒரெஸ்த் அட்டையில் நகத்தால் தட்டினான்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"அப்பா. ரொட்டி வாங்கிட்டு வந்துட்டேன். நேரமாயிருச்சு."

ஸ்லாதா நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.

"கத்தரிக்கோல்."

5

கொடுத்துவிட்டேன். என் மேசையில் மூன்று முடிவுகள் கிடக்கின்றன. ஒன்றில் அவள் பெரிய கதவு வெட்டுகிறாள். இன்னொன்றில் ரொட்டி நுழையும் அளவு ஓட்டை. மூன்றாவதில் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு "நாளைக்கு" என்கிறாள். எதை எழுதினாலும் அது நான் வெட்டிய கதவாகிவிடும்.

அட்டை தடிமன், அவள் கை சின்னது. வாசகரே, நீங்கள் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே வெட்டுவது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.