அறுபது ஆம்பியர்

ஆபிரகாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து நாளாக யாரும் சாப்பிடவில்லை. அவருடைய மகள் டீனாவும் மருமகன் ஷெர்வினும் பெங்களூரில் நடக்கவிருக்கும் ரோபோ சண்டைக்காக அதன் மேல் ஒரு இயந்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்த எடை எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. முன்னால் சுழலும் இரும்பு உருளை, இரு பக்கமும் சக்கரம். உருளை எதிராளியை அடித்துத் தூக்க வேண்டும்.

டீனா சமையலறைத் தராசில் இரண்டு லித்தியம் பேட்டரிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பெரியது நூற்றிருபது கிராம் கூடுதல்.

"லேபிள்ல போட்டுகிற கணக்குல பாதிய நம்பினாலே சின்னது ஆட்டத்தோட மூணு நிமிஷமும் தாங்கும். மிச்சமாகிற கிராம்ல மோட்டாருக்குப் பெரிய ஸ்பீட் கன்ட்ரோலரா போட்டுக்கலாம்" என்றாள்.

"சக்கரத்துக்கு நாப்பது ஆம்பியர் ரெண்டு, உருளைக்கு நூத்திருபது" என்றான் ஷெர்வின். "கன்ட்ரோலர்ல கஞ்சத்தனம் பண்ணா அது எரிஞ்சிதான் போவும்."

"ஃப்யூஸ் எவ்ளோ?" என்று ஆபிரகாம் கேட்டார். அந்த மேசையை நோக்கி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அறுபது, டாடி."

"ஓடறப்ப இன்னா கரண்ட் எடுக்குது?"

"பதினெட்டு."

"அதுல பாதியச் சேத்தா இருபத்தேழு. முப்பது போடு. அறுபது போட்டா அது ஃப்யூஸ் இல்ல, ஆணி."

டீனா சிரித்தாள். "ஓடறப்பதான் பதினெட்டு. நின்ன உருளை கிளம்பறப்ப ஒரு செகண்டு தொண்ணூறு இழுக்கும். அறுபது அந்த ஒரு செகண்டைப் பொறுத்துக்கும். முப்பது பொசுக்குனு போயிடும். ஒயரும் பேட்டரியும் எரியாம இருக்கத்தான் ஃப்யூஸ். அந்த ஒயருக்கு அறுபது சரி."

சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் ஆபிரகாம். கணக்கு அவருக்குத் தெரியும். ஆனால் அவர் நினைப்பில் ஓடியது கணக்கு இல்லை.

ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தன்று, அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று அவருடைய தம்பி டேவிட் அதன் இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிட்டான். ஒயர் சிவந்தது, திரை பற்றியது, மேடையும் ஆர்மோனியமும் சாம்பலாயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேர்தான் போயிற்று. அன்றிலிருந்து அவர்கள் 'கட்டைக்கம்பி வீட்டுக்காரர்கள்'. டேவிட் செத்துப் பதினோரு வருஷமாகியும் அந்தப் பேர் சாகவில்லை.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு சகாயம் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "இன்னாண்ணே, வூட்ல மறுபடியும் கம்பி வேலையாமே? பக்கெட்ல தண்ணி புடிச்சி வெச்சிக்கட்டுமா?"

ஆபிரகாம் உள்ளே போனார். டீனாவும் ஷெர்வினும் திருகு வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தார்கள். உதிரிப் பெட்டியில் முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருந்தது. இயந்திரத்தின் மூடியைக் கழற்றி அறுபதை எடுத்தார், முப்பதைச் செருகினார், மூடினார். எடுத்த ஃப்யூஸ் தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. சுரங்கத்தில் அது சட்டம். லைனைத் துண்டித்தவன் அந்த ஃப்யூஸைத் தன் பையில் வைத்துக்கொள்வான். வேலை முடிந்ததும் அவனேதான் திரும்பப் போட வேண்டும். இன்னொருவன் கை பட்டால் கீழே இருக்கிறவன் உயிர் போகும்.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டியபோதும் ஃப்யூஸை அதன் பைக்கு மாற்றினார். ஏனென்று யோசிக்கவில்லை.

ரயில் மாரிக்குப்பத்தை விட்டுக் கிளம்பியதும் டீனா மடியில் ஒரு படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள். களத்தில் இறக்குமுன் சோதனைக்காரர்களிடம் தர வேண்டியது. பேட்டரி, ஆறு செல். ஸ்பீட் கன்ட்ரோலர், மூன்று. ஃப்யூஸ், அறுபது. கீழே, 'மேற்கண்டவை உண்மை' என்ற வரிக்கு அடியில் கையெழுத்துப் போட்டாள். டீனா ஆபிரகாம்.

அவர் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்தால் பேர் போகும் என்று பயந்தவர், இப்போது அதே பேரை ஒரு பொய்க்குக் கீழே எழுத வைத்துவிட்டார். டேவிட் செய்தது முட்டாள்தனம். இது அதைவிடக் கேவலம்.

"அந்தத் தாளை இன்னும் குடுத்துடாத" என்றார். "உள்ள இருக்கறது முப்பது. நேத்து நான்தான் மாத்தினேன்."

டீனா பேனாவை மூடினாள். "சொல்லாமயா?"

"சொல்லாம."

"கிளம்பின ஒரு செகண்டுல நின்னுட்டிருக்கும், மாமா" என்றான் ஷெர்வின். "அசையலன்னு பத்து எண்ணி வூட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பாங்க. அறுபது இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை எந்தக் கடையத் தட்டறது?"

ஆபிரகாம் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்துக் காட்டினார். ஷெர்வின் கை நீட்டினான். அவர் தரவில்லை.

"எடுத்தவன்தான் போடணும்."

டீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பங்காருப்பேட்டை தாண்டியதும், "சாப்பிட இன்னா கட்டிக்கினு வந்தீங்க?" என்று கேட்டாள்.

களத்துக்கு வெளியே, சோதனைக்காரர் முன்னால், அவரே முப்பதைப் பிடுங்கி அறுபதைப் போட்டார். அவர்களுக்கு முந்திய ஆட்டத்தில் ஒரு ரோபோ வெள்ளைப் புகை கக்கியது. மணல் வாளியோடு ஓடினார்கள். ஆபிரகாம் நிமிர்ந்து நின்று பார்த்தார்.

இவர்கள் உருளை கிளம்பியது. ஒரு செகண்டு, இரண்டு, ஃப்யூஸ் தாங்கியது. ஒன்றரை நிமிஷம் நன்றாகவே அடித்தது. அப்புறம் எதிராளியின் வளைந்த தகட்டில் உருளை சிக்கி அப்படியே இறுகிற்று. டக்கென்று எல்லாம் நின்றது. பத்து எண்ணினார்கள். தோல்வி.

மேசைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார்கள். ஃப்யூஸ் நடுவில் கச்சிதமாக அறுந்திருந்தது. பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஒயரில் ஒரு கருப்புப் பொட்டுகூட இல்லை. ஆபிரகாம் கையால் தடவிப் பார்த்தார், பிறகு மூக்கருகே வைத்து முகர்ந்தும் பார்த்தார்.

"நீ சொன்ன அளவுதான் சரி" என்றார் மகளிடம். அறுந்த ஃப்யூஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வேலிக்கு மேல் சகாயத்தின் தலை தெரிந்தது. "இன்னாண்ணே, தோத்துக்கினு வந்துட்டீங்களாமே?"

ஆபிரகாம் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நிதானமாக வாய் கொப்பளித்தார்.

"தோத்துச்சி. எரியல."

உள்ளே போய் அந்த ஃப்யூஸைக் கொண்டுவந்து சகாயத்தின் கையில் வைத்தார். சகாயம் அதை வெளிச்சத்தில் பிடித்து, அறுந்த இடத்தைப் பார்த்து முடிக்கும் வரை ஆபிரகாம் அங்கேயே நின்றார்.