வரப்புப் புல்

ராசம்மாளின் வெள்ளாடு ஈன்ற இரண்டு குட்டிகளுக்கும் கீழ்த்தாடை பாதிதான் இருந்தது. ஒன்று செத்தே விழுந்தது. மற்றது பால் உறிஞ்ச முடியாமல் மத்தியானம்வரை கத்திக் கத்தி அடங்கியது. 

ஊர் வாய் சும்மா இருக்குமா? கிரகணத்தில் ஆட்டை அவிழ்த்து விட்டிருப்பாள் என்றார்கள். சினையாட்டுக்குத் தீனி போடத் துப்பில்லை என்றாள் ஒருத்தி. துப்பில்லையாம். தான் நீராகாரத்தைக் குடித்துவிட்டு ஆட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் வைத்தவள் அவள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஹஃப்ஸா மட்டும் குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புல் எங்கே அறுத்தது என்று கேட்டார்.

"கோவிந்தராசு அண்ணன் வயல் வரப்புலங்க."

"செனை புடிச்ச முதல் ரெண்டு மாசத்துலதான் குட்டிக்கு உருவம் கூடும். அப்ப தாய் மருந்து பட்ட புல்லைத் தின்னா இப்படி ஆகலாம். ஒரேயடியா சொல்லிட முடியாது. என்ன மருந்துன்னு கேட்டுச் சொல்லுங்க. இன்னொரு ஆடும் செனைதானே?"

சினைதான். ஒரு மாதம். அதுவும் அதே புல்லைத்தான் தின்றுகொண்டிருந்தது.

மருந்து அடித்த வயல் வரப்பில் வேப்பங்கொத்து ஒடித்து நட வேண்டும். அதைப் பார்த்தால் அங்கே ஒருத்தரும் அரிவாளை வைக்க மாட்டார்கள். அந்த ஊரில் அது எழுதாத கட்டுப்பாடு. முதுகில் தெளிப்பான் சுமந்தவர்கள் மறக்காமல் நட்டார்கள். இப்போது ட்ரோன்காரர் ரோட்டில் நின்றபடியே அடித்துவிட்டு வண்டியேறிவிடுகிறார். சேற்றில் இறங்கிக் கொத்து நட அவருக்கென்ன தலையெழுத்தா? நட வேண்டிய நிலத்துக்காரர் கோவிந்தராசுவும் வாயை மூடிக்கொண்டார். கொத்து இல்லாததால் மருந்தும் இல்லை என்று நம்பி அறுத்ததுதான் ராசம்மாள் செய்த குற்றம்.

காலையில் அறுத்து, இன்னும் பிரிக்காமல் கிடந்த புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். கோவிந்தராசு மாட்டுக்கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மருந்து அடிச்சீங்கண்ணே? டாக்டரம்மா பேரு கேக்குறாங்க."

"வரப்புல எங்க மருந்து பட்டுச்சு? உன் ஆட்டுக்குச் சத்து பத்தல. அதை என் தலையில கட்டாத ராசம்மா."

"அப்ப இது நல்ல புல்லுதான்."

"நல்ல புல்லுதான்."

ராசம்மாள் புல்லுக்கட்டைக் கீழே இறக்கினாள். கட்டை அவிழ்த்து, அவருடைய சினைப் பசுவுக்கு எதிரே ஒரு கை அள்ளிப் போட்டாள். பசு கழுத்தை நீட்டியது. அதற்கு எட்டாதபடி கழுத்துக் கயிற்றை அவள் இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அதையெல்லாம் அவர் எங்கே பார்த்தார். நாற்காலி சாய விழுந்தடித்து ஓடிவந்து புல்லைக் காலால் தள்ளினார். "செனை மாடு அது. அதுக்குப் போடாத."

"என் ஆடும் செனைதாண்ணே."

கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். மருந்தின் பெயரை முணுமுணுத்தார்.

"எனக்கு வாயில நுழையல," என்றாள் ராசம்மாள். ஹஃப்ஸாவுக்கு போன் போட்டு, மணி அடிக்கும்போதே அதை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."