முனைக்கு முந்தின வளைவு

ரென்ஸ்கே காலடியில் உருண்டுபோன காபிக் குடுவையின் மூடியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வண்டியின் வலது மூலையில், ஈர மூட்டையைச் சுவரில் வீசினாற்போல ஒரு சத்தம். அவள் நிமிர்வதற்குள் வேன் வளைவைத் தாண்டிவிட்டது. வெளியே மூடுபனி. பக்கவாட்டுக் கண்ணாடி ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னது அது?”

“பன்னி,” என்றான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் வீப்ரன். “காட்டுப்பன்னி. இந்தப் பக்கம் ஏகத்துக்கும் சுத்துதுன்னு நேத்து அந்தக் கடைக்காரன் சொன்னான்ல.”

“வண்டிய நிறுத்து.”

“எங்க நிறுத்த? ஓரமே இல்ல. பின்னாடி வர்றவன் பனியில வந்து மோதினான்னா, பன்னியோட சேர்த்து நம்மளையும் அள்ள வேண்டியதுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவள் மறுபடி சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துப் பண்ணைகளுக்கெல்லாம் பால் லாரி ஓட்டியவன் அவன். பனியிலும் உறைந்த சாலையிலும் ஒரு கீறல் விழாமல் வீடு வந்து சேர்ந்தவன். வண்டி விஷயத்தில் அவனிடம் வாதாடி அவளுக்குப் பழக்கமில்லை.

வசந்தத்தில் டொக்கும் என்ற தங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள். போலந்து, ருமேனியா, கிரேக்கம், அங்கிருந்து கப்பலேறி இத்தாலி, பிறகு பிரான்சின் தெற்கு ஓரம் என்று கேம்பர் வேனிலேயே சமைத்து, தூங்கி, சண்டை போட்டுச் சமாதானமாகி, இப்போது இலையுதிர் காலத்தில் ஸ்பெயினின் மேற்குக் கோடிக்கு வந்திருந்தார்கள். ஃபினிஸ்தெர்ரே முனை. அதற்கு மேல் நிலம் இல்லை, கடல்தான். அங்கே போய்த் திரும்பினால் பயணம் முடிந்தது.

முனைக்கு வந்து சேர்ந்தபோது பனி கலைந்திருந்தது. வீப்ரன் வண்டியை நிறுத்திய தினுசு அவளுக்கு உறுத்தியது. இரண்டு இடங்களை அடைத்துக் கோணலாக நின்றது. அவன் இறங்கி நேரே பாறைகளின் பக்கம் போய்க் கைகளை விரித்தான்.

“வந்துட்டோம் கிழவி! வந்து எட்டிப் பாரு!”

முதுகில் மூட்டையோடு நடந்து வந்திருந்த ஓர் இளம் ஜோடி அவனிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு வாய்பொத்திச் சிரித்தாள். “தாத்தா, எங்கள விட்டுட்டு வானத்த மட்டும் எடுத்திருக்கீங்க!” அவனும் சேர்ந்து சிரித்தான். ரென்ஸ்கேவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனதும் அவன் பக்கத்தில் போய் நின்றாள். எதிரே கடல் வெறுமையாகக் கிடந்தது.

“அந்தச் செவப்புப் படகு எவ்வளவு அழகா இருக்கு, இல்ல?”

“ஆமா,” என்றான் அவன். “நானும் அதத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

பாறையில் உட்கார்ந்துகொண்டாள்.

“படகே இல்ல, வீப்ரன்.”

அவன் இமைகளை விரல்களால் அழுத்திக்கொண்டான்.

“எப்போலேருந்து?” என்றாள்.

“கிளம்புறதுக்கு முன்னாடியே. நடுவுல கரும்புள்ளி மாதிரி. ஓரம் எல்லாம் தெரியும், நேரா பார்த்தா தெரியாது. கிரேக்கத்துல இருந்து ரெண்டு கண்ணுலயும்.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“போனேன். ஓட்டாதேன்னாரு.” தலையைத் திருப்பாமலே சொன்னான். “சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? வீட்டுல உக்கார வச்சிருப்ப. இருட்டுறதுக்குள்ள ஒரு தடவ எல்லாத்தையும் பார்த்துரணும்னு நெனச்சேன். அது தப்பா?”

ஊர்ப் பெயர்ப் பலகைகளையெல்லாம் தன்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னதும், ‘உன் குரல் கேட்டா எனக்குத் தூக்கம் வராது’ என்று கொஞ்சியதும் அவளுக்கு நினைவு வந்தன. வயதான காலத்தில் புதிதாகப் பிறந்த அன்பு என்று அதை நம்பி, மகள் யெல்லாவிடம் தொலைபேசியில் பெருமை வேறு அடித்திருந்தாள்.

எழுந்து வண்டிக்கு நடந்தாள். வலது விளக்கு நொறுங்கியிருந்தது. அதன் உலோக விளிம்பில் நீல நிறத்தில் ஒரு கிழிசல் மாட்டிக்கொண்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மழைக்கோட்டின் துணி. அதைத் தொட்ட விரல் ஈரமானது. பனியின் ஈரம் அல்ல.

வீப்ரன் தடவித் தடவிப் பின்னால் வந்தான்.

“சாவியக் குடு,” என்றாள்.

“ரென்ஸ், பன்னிதான் அது.”

“பன்னி நீலக் கோட்டு போட்டுக்கிட்டா சுத்துது? சாவியக் குடு!”

“யாரும் பார்க்கல. இப்பிடியே கடலோரமா போர்ச்சுகல் பக்கம் போயிட்டோம்னா...”

அவன் சட்டைப் பையில் கைவிட்டு அவளே சாவியை எடுத்தாள்.

அந்த வேனை அவள் ஒரு முறைகூட ஓட்டியதில்லை. அவன் விட்டதில்லை. கியர் கிறீச்சிட, மலைச்சாலையில் ஊர்ந்தாள். பக்கத்தில் அவன் முழங்கால்களைப் பிடித்தபடி, கண்டிக்கப்பட்ட பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான்.

வளைவில் ஏற்கெனவே ஆம்புலன்ஸ் நின்றது. ரொட்டி விற்கும் வேன்காரி ஒருத்தி பார்த்துச் சொல்லியிருந்தாள். சாலையோரப் பள்ளத்திலிருந்து ஒரு கிழவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீலக் கோட்டு. ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ். மாட்டுக்கு அறுத்த புல் சாலையெங்கும் சிதறிக் கிடந்தது.

ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கிய ரென்ஸ்கேவையும் உடைந்த விளக்கையும் அங்கிருந்த காவலர் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களாம்மா?”

மாலை வகுப்பில் இருவரும் சேர்ந்து கற்ற ஸ்பானிஷ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவள் வாய் திறக்காமல் வேனுக்குள் பார்த்தாள். வீப்ரனுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேள்வியும் புரியும். அவன் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காவலர் இரண்டாம் முறை கேட்டார். அப்போதும் அவன் அசையவில்லை.

“இப்போ ஓட்டினது நான்,” என்றாள். “அடிச்சப்போ ஓட்டினது என் வீட்டுக்காரர். அவருக்குக் கண்ணு தெரியாது.”

வீப்ரன் தங்கள் மொழியில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: “கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?”

அந்தக் கிழவர் மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். பெயர் எலாதியோ. கல்யாணமாகாதவர். அந்த வளைவுக்கு மேலே இருக்கும் வீட்டில் தங்கை ஒப்தூலியாவோடு இருந்தவர்.

வேனைக் காவலர்கள் எடுத்துக்கொண்டார்கள். விடுதியில் தங்கச் சொன்னார்கள். அடக்கம் முடிந்த பிறகு ரென்ஸ்கே மட்டும் அந்த வீட்டுக்கு ஏறிப் போனாள். ஒப்தூலியா முற்றத்தில் முட்டைக்கோஸ் இலைகளைக் கோழிகளுக்குக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குள்ளமான, கனத்த பெண். ரென்ஸ்கே தன்னை யாரென்று சொன்னாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது.

ஒப்தூலியா கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. அடுப்புகிட்ட நின்னேன். என்னமோ அடிபட்டிருக்குன்னு வாசலுக்கு வந்தேன். வண்டி நிக்காம போற சத்தம் கேட்டுச்சு. சரி, ஆளா இருந்தா நிறுத்தியிருப்பாங்கல்லன்னு உள்ள போயிட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நீங்க நின்னிருந்தா நான் ஓடி வந்திருப்பேன். அங்க கிடந்து என்னைக் கூப்பிட்டானோ என்னமோ.”

பிறகு இலைக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. வாவென்றும் சொல்லவில்லை.

விடுதியில் வீப்ரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். “என்ன சொன்னா?” என்று கேட்டான். ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நிறுத்துன்னு சொன்னேன்ல உன்கிட்ட,” என்றாள் அவள்.

“ஒரு தடவைதான் சொன்ன.”



வழக்கு அடுத்த ஆண்டு நடந்தது. நீதிபதியிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. கண் தெரியாதென்று தெரிந்தேதான் ஓட்டினேன், மனைவி நிறுத்தச் சொன்னாள், நான்தான் நிறுத்தவில்லை என்றான். அந்த வளைவில் அவன் வாயிலிருந்து வருமென்று அவள் காத்து நின்ற சொற்கள் அவை. வயதையும் கண்ணையும் பார்த்துச் சிறைக்கு அனுப்பாமல் விட்டார்கள். ஒப்தூலியா நீதிமன்றத்துக்கு வரவேயில்லை.

இப்போது அவன் மகள் யெல்லாவின் வீட்டுக் கீழறையில் இருக்கிறான். வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரிகிறது. ரென்ஸ்கே டொக்குமிலேயே தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். தானே சவரம் செய்துகொண்டால் அவன் கன்னத்தை வெட்டிக்கொள்கிறான் என்று யெல்லா சொன்னதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சோப்பு நுரை தடவிச் சவரம் செய்துவிடுகிறாள். அவன் முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறான். மழை பெய்ததா, ஏரி உறைந்துவிட்டதா என்று கேட்கிறான். அவள் சொல்கிறாள். வேலை முடிந்ததும் துண்டை உதறி மடித்து வைத்துவிட்டு, பேருந்துக்குப் புறப்படுகிறாள்.